ஒன்றரை சாக்ஸ்

டிசம்பர் 5

பட்டாணி, இன்றோடு உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. காலில் இருக்கிற சேற்றைக்கூட நான் இன்னும் கழுவவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

காரியம் முடிந்து இலை எடுத்ததும் உன் மாமியார் உன் அறையை ஒழிக்க ஆரம்பித்தார். நீ படுத்த இடத்தைக் கழுவிவிட வேண்டுமாம். அவ்வளவு அவசரம். கட்டிலை இழுத்தபோது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியிருந்த ஒரு துணிப்பை கீழே விழுந்தது. உள்ளே கைக்குழந்தைக்குப் போடுகிற மஞ்சள் சாக்ஸ். ஒன்று முழுசாக முடிந்திருந்தது. இன்னொன்று பாதியில், ஊசிகளோடு இருந்தது.

அந்தப் பொம்பளை போட்ட சத்தத்தில் பாயில் கிடந்த குழந்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வயித்துல இருக்கிற புள்ளைக்கு எவளாவது முன்கூட்டியே துணிமணி சேப்பாளா? பொறந்த புள்ளையவே மொதல்ல பழைய துணியிலதானே சுத்துறோம்! அதான் தாயைத் தூக்கிருச்சு. யாரு பின்னுனது இதை?"

வந்திருந்த சொந்தமெல்லாம் என் பக்கம் திரும்பியது. குன்னூர் பஜாரில் உல்லன் பின்னிப் பிழைக்கிறவள் அங்கே உன் அக்காள் நான் ஒருத்திதானே.

நான் பின்னவில்லை. அது உனக்குத் தெரியும். நீ ஆசைப்பட்டுக் கேட்டபோதே, பிறக்கட்டும், பிறகு பெட்டி நிறையப் பின்னித் தருகிறேன் என்று அதட்டி வைத்தேன். மப்ளர் பின்னுகிறேன் என்று அந்த மஞ்சள் நூலை என்னிடம் வாங்கிப்போன கள்ளி நீ. சாக்ஸைப் பார்த்தவுடனே உன் வேலை என்று தெரிந்துவிட்டது.

"நான்தான்" என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? உண்மையைச் சொன்னால் பழி உன் மேல் வரும். "உங்கம்மா அவளாவே தேடிக்கிட்டா" என்று கேட்டுக் கேட்டே உன் மகள் வளர்வாள். நான் உயிரோடு இருக்கிறேன், வாங்கிக்கொள்கிறேன். செத்தவள் எதற்கு வாங்க வேண்டும்?

"உன் கைதான்டி அவளைத் தின்னுச்சு. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காத. தை பொறந்து பேரு வைக்கிற அன்னைக்கும் வராத. உன் கை பட்ட ஒண்ணும் என் பேத்தி மேல படக் கூடாது."

பையை என் முகத்தில் எறிந்தாள். உன் புருஷன் கிருபா சுவரோடு சுவராக நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. காய்கறி வண்டி ஓட்டும்போது ஹாரன் மட்டும் ஊரே அதிர அடிக்கத் தெரிகிறது.

நான் குழந்தையை இன்னும் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

டிசம்பர் 6

மழை, மூடுபனி. துவைத்தது எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருக்கிறேன். உடுத்துகிற சேலையெல்லாம் புகை வாடை.

சலீம் பாய் கடைக்குக் குல்லா முடித்துக் கொடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு மலை ஏறி வருகிறவர்களுக்காக, உச்சியில் குஞ்சம் வைத்தது. இரண்டு நாள் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் இறங்கினதும் பஸ் சீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதற்குத்தான் என் கழுத்து வலி.

பக்கத்து வீட்டு ரெஜினா தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவளும் அதே கடைக்குத்தான் பின்னுகிறாள்.

"ஏன்டி தெய்வானை, அடுத்தவ பாவத்தைச் சுமக்கிறதுக்கு நீ யாரு? அதெல்லாம் எங்க ஏசுவோட டிபார்ட்மென்ட்டு."

"பாவமா? ஆசையா ஒரு சாக்ஸ் பின்னுனா அது பாவமா?"

"அதைத்தானே நீ அங்க கேட்டிருக்கணும்! இங்க வந்து என்கிட்ட பாயுற. யோகா போயிட்டா. அவ பேரைக் காப்பாத்தி என்ன பண்ணப் போற? நீ புள்ளையத் தூக்க வேண்டாமா?"

"உன் காபியை எடுத்துக்கிட்டுப் போ."

"குடிச்சிட்டுத்தான் போவேன். என் காபித்தூளு. ஆமா, போனை ஏன் அமத்தி வெச்சிருக்க? சலீம் பாய் எனக்குப் போன் போட்டு உசுரை எடுக்குறாரு."

சார்ஜர் கெட்டுவிட்டது என்றேன்.

சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. போன் அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. இருக்கட்டும்.

டிசம்பர் 8

இன்றைக்கு ஒன்றும் பின்னவில்லை.

டிசம்பர் 11

பையை இன்றுதான் பிரித்துப் பார்த்தேன். உன்னைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஊசியின் நடுவில் கையை எடுக்காதே என்று? வீடு பற்றி எரிந்தாலும் அந்த ஊசியில் இருக்கிற நூல் கண்ணிகளை எல்லாம் பின்னி முடித்துவிட்டு எழுந்திரு, இல்லாவிட்டால் கண்ணி நழுவும், வரிசை மறக்கும் என்று. சின்னப் பிள்ளையில் இதற்காக உன் தொடையில் கிள்ளியிருக்கிறேன். நீ ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாய். உலையில் சோறு பொங்கினால்கூட "இரு, இந்த ஊசி முடியட்டும்" என்பாய்.

இதில் என்ன செய்திருக்கிறாய்? சரியாக ஊசியின் நடுவில் நிறுத்தியிருக்கிறாய். பாதிக் கண்ணி இந்த ஊசியில், பாதி அந்த ஊசியில். ஒரு கண்ணி இரண்டிலும் இல்லாமல் நூலில் தொங்குகிறது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அம்மா போன பிறகு உன்னைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி, பச்சைப் பட்டாணியைத் தோலோடு தின்றுவிட்டு வயிற்றுவலி என்று நீ உருண்டால் ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்து வளர்த்தது இதற்கா?

முதல் பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் நீ வந்திருக்க வேண்டும். "அம்மா இல்லாத வீடு, அங்க யாரு பாத்துக்குவாங்க" என்று உன் மாமியார் தடுத்துவிட்டார். என் புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதையும் சாடையாகச் சொன்னார். ஒத்தைப் பொம்பளைக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாதாம். பார்த்தார்களே அவர்கள்! திடீரென்று வலிப்பு வந்தது, தூக்கிக்கொண்டு ஓடினோம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். நீ கண்ணைத் திறக்கவே இல்லை.

தொங்கின கண்ணியை ஊசியில் ஏற்றி வைத்தேன். மிச்சத்தை நானே பின்னி முடிக்கப் போகிறேன். எதற்கு என்று கேட்காதே. பாதியில் நிற்கிற வேலை வீட்டில் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் 12

அளவு வரவில்லை.

நீ விட்ட இடத்திலிருந்து பாதம் முழுக்கப் பின்னினேன். உன்னுடைய முழு சாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் என்னுடையது அகன்று கிடக்கிறது, அக்காள் காலும் தங்கச்சி காலும் மாதிரி. அத்தனையும் பிரித்தேன். மறுபடி பின்னினேன். மறுபடியும் அகலம். ஊசி அளவைப் பார்த்தேன். நான் கொடுத்த அதே ஊசிதான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உன் கை எப்போதும் தளர்வு. நீ பின்னினால் கண்ணிக்குள் விரல் போகும். "மீன் வலையா பின்ற?" என்று கேலி செய்வேன். ஆனால் இது இறுக்கமாக இருக்கிறது. ஊசி முனை உள்ளே நுழையவே அடம் பிடிக்கிறது. நூலை யாரோ பிடுங்க வருகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு பின்னியிருக்கிறாய்.

எப்போதிருந்து உன் கை இப்படி ஆனது?

டிசம்பர் 17

மார்கழி பிறந்துவிட்டது. இனி தை வரைக்கும் அவர்கள் பேர் வைக்க மாட்டார்கள். அதுவரைக்கும் பிள்ளை வெறும் "பாப்பா".

நீ இங்கே விட்டுப்போன பச்சைப் பருத்திச் சேலையைக் கிழித்தேன். நன்றாக நைந்த சேலை, குழந்தை உடம்புக்கு உறுத்தாது. சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துக் கையாலேயே தைத்தேன். இந்தப் பனியில் பிள்ளைத் துணி எது காயப் போகிறது? எத்தனை இருந்தாலும் பத்தாது. பழைய துணிதானே நல்லது என்று அந்த மகராசி சொன்னாள்? இது பழைய துணிதான்.

மார்க்கெட் பக்கம் போனபோது கிருபா மருந்துக்கடையில் பால் பவுடர் டின் வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டின்னைப் பார்த்தார். நான் விடுவேனா?

"தம்பி, புள்ளை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க மதினி."

"காலு சில்லுன்னு இருக்கா?"

"ராவெல்லாம் சில்லுன்னுதான் இருக்கு. கடையில சாக்ஸ் வாங்கிப் போட்டேன். ஒதைச்சு ஒதைச்சுக் கழட்டிருது."

"நைலான் சாக்ஸு. கழண்டு விழாம என்ன செய்யும்? நான் பின்னித் தரேன், கொண்டு போறீங்களா?"

ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவருடைய அம்மா வாழைக்காய்க் கூடைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது மாதிரி.

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க மதினி."

"அப்ப இதையாவது கொண்டு போங்க. யோகா சேலை. இதுலயும் என் கை பட்டிருக்கு. சொல்லாதீங்க."

துணிக்கட்டை வாங்கிக்கொண்டார். முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். பிறகு சட்டைக்குள் திருட்டுச் சாமான் மாதிரி செருகிக்கொண்டு போனார். தன் பிள்ளைக்குத் துணி கொண்டுபோக ஒரு ஆம்பளைக்கு இத்தனை பயம்!

டிசம்பர் 18

நேற்று வீட்டுக்கு வந்த வேகத்தில் ஊசியை எடுத்தேன். "அம்மா ஒத்துக்க மாட்டாங்க, அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்று அவர் குரலை நானே சொல்லிக்கொண்டு பின்னினேன். இன்று காலையில் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அளவு சரியாக இருக்கிறது பட்டாணி! உன் இறுக்கம் அப்படியே வந்திருக்கிறது.

காபி குடித்துவிட்டு, மனசு கொஞ்சம் ஆறி, இன்னும் ஒரு சுற்று பின்னினேன். மறுபடி தளர்ந்துவிட்டது. பிரித்தேன். உன் மாமியார் பையை எறிந்ததை நினைத்துக்கொண்டேன். இறுகிவிட்டது.

இது என்ன கூத்து? எனக்குக் கோபம் வந்தால்தான் உன் கை வருகிறது. அப்படியானால் உனக்கு யார் மேல் கோபம்? நீ கோபப்படுகிற ஜாதியே இல்லையே.

அப்போதுதான் முழு சாக்ஸை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மேல் விளிம்பில் உன் பழைய கை இருக்கிறது, அதே மீன் வலை. குதிகால் வளைகிற இடத்தில் நூல் இறுக ஆரம்பிக்கிறது. விரல் பக்கம் போகப் போகக் கல். இரண்டாவது சாக்ஸ் ஆரம்பத்திலிருந்தே கல்.

ஒரு மாசத்தில் உனக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அக்காளிடம் சொல்ல மாட்டாயா?

டிசம்பர் 25

ரெஜினா கேக் கொண்டுவந்தாள். "துக்க வீடு, வேண்டாம்"னேன். "ஏசு பொறந்த வீட்டுலயும் துக்கம்தான்டி, மாட்டுக் கொட்டாயி" என்று வாயில் திணித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக நாள் முழுக்க அவள் மேல் கோபமாக இருந்தேன்.

கடையில் ஒரு அம்மாள் என் குல்லாவைத் தடவிப் பார்த்து, "இதெல்லாம் மெஷின்ல சீப்பா வருதே" என்றாள். மெஷினையே தலையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். சலீம் பாய் கையெடுத்துக் கும்பிட்டதால் சும்மா இருந்தேன்.

ஜனவரி 3

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் என்று சுகாதார நர்ஸம்மா எங்கள் காலனிக்கு வந்திருந்தார். உன் மாமியார் ஊருக்கும் அவர்தான். என்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யோகேஸ்வரியோட அக்காதானே? எனக்கு இன்னும் மனசு ஆறலம்மா. அவ்வளவு சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? பிரஷர் ஏறியிருந்துச்சு. காலு, கை, மூஞ்சி எல்லாம் வீக்கம். தலை பொளக்குதுன்னா, கண்ணு மங்குதுன்னா. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சேருங்கன்னு வாசல்ல நின்னு சொன்னேன். அந்தம்மா, அமாவாசை கழியட்டும், கழிஞ்சதும் கூட்டிட்டுப் போறோம்னாங்க. வண்டியை நான் வரச் சொல்றேன்னேன். எங்க வீட்டுலயே வண்டி இருக்குன்னாங்க."

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. நர்ஸம்மா போன பிறகு துவைக்கிற கல்லில் போய், ஏற்கெனவே துவைத்த போர்வையை எடுத்து மறுபடியும் அடித்துத் துவைத்தேன். ஓரம் கிழிந்துவிட்டது.

அந்த வீட்டில் வண்டி இருந்தது. ஓட்டுகிறவனும் இருந்தான்.

ஜனவரி 4

சாக்ஸ்தான் காரணமாம்! சாக்ஸ்!

ஜனவரி 11

கிருபா வந்திருந்தார். சேலைத் துணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அந்தத் துணியில் சுற்றினால்தான் பாப்பா தூங்குகிறதாம். முக்காலியில் உட்காரச் சொல்லவில்லை. தானே உட்கார்ந்தார். என் மடியில் இருந்த மஞ்சள் சாக்ஸைப் பார்த்தார். பிறகு கண்ணை எடுக்கவே இல்லை.

"இது அவ பின்னுனதுன்னு எனக்குத் தெரியும் மதினி. நூல் கண்டை என் ரெண்டு கையிலயும் மாட்டி உக்கார வெச்சு, அவதான் உருண்டையா சுத்துவா. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா."

"தெரியுமா? அப்ப அன்னைக்கு வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"சொன்னா அம்மா யோகாவை ஏசும். நீங்க, நான்தான்னு சொன்னதும், சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இருக்கட்டுமா? என் தலையில விழுந்தா இருக்கட்டுமா? நான் சொன்னது அவளுக்காக. நீ வாயை மூடிக்கிட்டது உனக்காக!"

மரியாதை போய்விட்டது. போகட்டும். நர்ஸம்மா சொன்னதைக் கேட்டேன். அன்றைக்கு நீயும் அங்கே இருந்தாயா என்று கேட்டேன்.

"இருந்தேன்."

"அப்புறம்?"

"அம்மா அமாவாசை கழியட்டும்னாங்க. ஒரு நாள், ரெண்டு நாள்தானேன்னு…"

தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகும், அதற்கு அவர் லாயக்கில்லை.

"மறுநாள் காலையில சந்தைக்குப் போயிட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்துச்சு. திரும்பி வந்து பாத்தா கட்டிலுக்குப் பக்கத்துல தரையில கெடந்தா. கையில போன் இருந்துச்சு."

நான் எழுந்து உலை வைத்தேன். அரிசி டின்னைத் திறந்து கையை விட்டேன். அன்றைக்குக் காலையில் அடித்தும் நான் எடுக்காமல் விட்ட போன் தட்டுப்பட்டது. அதை ஒதுக்கிவிட்டு அரிசியை எடுத்துப் போட்டேன்.

அவர் கிளம்பும்போது மிச்சத் துணியைக் கொடுத்தேன். சொல்லியும் அனுப்பினேன்.

"பேரு வைக்கிற அன்னைக்கு நான் வருவேன். யாரு பின்னுனதுன்னு எல்லாரு முன்னாலயும் நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"அம்மா அவளைக் கண்டபடி சொல்லுமே மதினி."

"சொல்லட்டும். அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு."

ஜனவரி 12

சாக்ஸ் முடிந்தது. நுனியைச் சேர்த்து நூலை உள்ளே இழுத்துவிட்டேன். கோபத்தை வரவழைக்கச் சிரமமே இல்லை.

ஜனவரி 14

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. காலனியே குலவை போடுகிறது. நான் ரசம் வைத்தேன்.

ஜனவரி 22

போய்விட்டு வந்துவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் குறுக்கிடாதே.

வாசலில் வாழை கட்டியிருந்தது. உள்ளே தொட்டில். தாய் வீட்டுக்காரர்கள்தான் குழந்தையை முதலில் தொட்டிலில் கிடத்த வேண்டும். நமக்கு அம்மா அப்பா இல்லை, தாய்மாமன் இல்லை, நான்தான் இருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நீலப் பட்டுச் சேலை கட்டி யாரோ ஒருத்தி நிற்கிறாள்! உன் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கையாம். தாய் வீட்டைக்கூட அவர்களே சொந்தத்தில் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நில்லு அங்கயே. உன்னை யாரு கூப்பிட்டது?" உன் மாமியார் குறுக்கே வந்தார்.

"யாரும் கூப்பிடல. என் தங்கச்சி பெத்த புள்ளைய நான்தான் தொட்டில்ல போடணும். அந்தம்மாவை நகரச் சொல்லுங்க."

"வயித்துல இருக்கும்போதே சாக்ஸ் பின்னி அனுப்புன கையி, அது புள்ளையத் தூக்குமா?"

நான் கிருபாவைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் கண்ணை எடுக்கிற மாதிரி இல்லை என்று தெரிந்ததும் அவருக்குக் குரல் வந்தது.

"அம்மா, அது யோகா பின்னுனது. நான்தான் நூல் பிடிச்சேன். மதினிக்கு ஒண்ணுமே தெரியாது."

உன் மாமியார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அவளே…" என்று ஆரம்பித்தார்.

இந்தச் சொல்லுக்குத்தானே நான் இத்தனை நாள் பயந்து கிடந்தேன். பக்கத்தில் போய் நின்றேன்.

"சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் நர்ஸம்மா வாசல்ல நின்னு என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அதை நான் சொல்றேன். அமாவாசை கழியட்டும்னது சாக்ஸா? வீட்டு வாசல்ல நின்ன வண்டியை எடுக்காதேன்னது சாக்ஸா?"

நீலச் சேலைக்காரி தானாகவே இரண்டு அடி பின்னால் போனாள்.

உன் மாமியார் அப்படியே கீழே உட்கார்ந்தார். "நான் வேணும்னா செஞ்சேன்? அவ காலு வீங்குனப்ப நான்தானே வெந்நீர் வெச்சு ஊத்தினேன். எனக்கும் வீங்கிருக்கு, எங்கம்மாவுக்கும் வீங்கிருக்கு. நாங்க என்ன செத்தா போனோம்?" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார். முகம் சுருங்கிப் போயிருந்தது. எனக்கு இரக்கம் வரப் பார்த்தது. வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வெந்நீர் ஊற்றினாராம்! வெந்நீர் வைத்த நேரத்தில் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

கிருபா குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. உன் மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பட்டாணி, அவளுக்கு உன் நெற்றி. மற்றதெல்லாம் அவர்கள் பக்கம், மூக்கைத் தவிர. மூக்கு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. கால் ஐஸ் மாதிரி இருந்தது. ஒரு காலில் நைலான் சாக்ஸ் பாதி கழன்று தொங்கியது. அதை உருவிப் போட்டுவிட்டு மடியிலிருந்து நம்முடையதை எடுத்துப் போட்டுவிட்டேன். உதைத்தாள். பலமாகத்தான் உதைத்தாள். இரண்டும் அசையவில்லை.

தொட்டிலில் கிடத்தினேன். ஜோசியர் கொடுத்த எழுத்துக்குத் 'தன்ஷிகா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வாயில் நுழைகிறதா அது? அவள் காதில் மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன். இரண்டாம் தடவை எனக்கே நாக்குப் புரண்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பாப்பாவைக் கொண்டுவந்து விடுவதாகக் கிருபா வாசல் வரை வந்து சொன்னார். நான் தலையாட்டவில்லை. கொண்டுவரட்டும், பிறகு பார்க்கலாம்.

காலையில் நான் கிளம்பும்போது ரெஜினா சாக்ஸைக் கையில் வாங்கிப் பார்த்துக் கேட்டாள், எது யோகா பின்னுனது, எது நீ பின்னுனது என்று. ஒரு ஜோடி மாதிரியே இருக்கிறதாம். அவளே இத்தனை வருஷமாகப் பின்னுகிறவள், அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஒன்றில் நீ மெல்ல மெல்ல இறுகினாய். இன்னொன்றில் ஆரம்பத்திலிருந்தே இறுகி, பாதியில் விட்டாய், அங்கிருந்து நான். கோபம் என்று நினைத்துக்கொண்டு உன் கையை நான் பிடித்துவிட்டேன். உனக்கு அது கோபம் இல்லை என்று நர்ஸம்மா சொன்ன அன்றைக்கே தெரிந்துவிட்டது. வீங்கின விரலோடு, மங்கின கண்ணோடு, தலை பிளக்கிற வலியைப் பொறுத்துக்கொண்டு நூலைப் பிடித்திருக்கிறாய்.

இரண்டாவது சாக்ஸின் உள்பக்கம் கணுக்காலுக்குக் கீழே ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது, தொங்கின கண்ணியை நான் ஏற்றின இடம். விரலால் தடவினால்தான் தெரியும். இன்று அவள் காலில் போடும்போது என் விரல் அங்கேயே நின்றது.

இப்போது உலை கொதிக்கிறது. அரிசி டின்னை மூடித்தான் வைத்திருக்கிறேன்.

சோறு பொங்கினாலும் ஊசியை முடித்துவிட்டு எழுந்திருக்கிறவள் நீ. அன்றைக்கு அந்த ஊசியின் நடுவில் கையை எடுத்தாயே பட்டாணி, யாரைக் கூப்பிட எடுத்தாய்?